யாருக்குத் தெரியாத கணவாய்?

கிளிஞ்சல்மேட்டில் கணவாய் என்றால் ஓட்டுக் கணவாய், ஊசிக் கணவாய் என இரண்டு ரகம். இரண்டும் ஐஸ் பெட்டியில் ஏறி ஏற்றுமதிக் கம்பெனிக்குப் போகிறவை. மலைக்கு நடுவே ஊடறுத்துப் போகும் வழிக்கும் அதே சொல்தான் என்பது ஒரு காலத்தில் பூகோளப் பாடத்தோடு முடிந்துபோன சங்கதி. இன்று அப்படி இல்லை. கடல்மட்டத்தோடு மட்டமாகக் கிடக்கும் காரைக்கால், நாகை, தஞ்சைப் பக்கத்திலிருந்தும் தோளில் பையை மாட்டிக்கொண்டு டேராடூனுக்கும் மணாலிக்கும் போகிறவர்கள் இருக்கிறார்கள். போகட்டும், நல்லதுதான். ஆனால் இரண்டு மூன்று முறை போய் வந்தவர்களிடம் ஒரு கருத்து கெட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கிறது: கூட்டம் மொய்க்கும் பாதை சாதாரணமானவர்களுக்கு; விஷயம் தெரிந்தவன் யாரும் அறியாத உயரக் கணவாயைத் தானே கண்டுபிடிப்பான், வழியில் கயிறு இல்லாமல் தொத்தி ஏறக்கூடிய சிகரம் இருந்தால் அதையும் ஒரு கை பார்த்துவிட்டு வருவான். இந்தக் கருத்து பிழையானது, ஆபத்தானது, அதோடு கொஞ்சம் அகங்காரமும் கலந்தது.

மறுப்பதற்கு முன் அவர்கள் பக்கத்தை அவர்களே ஒப்புக்கொள்ளும்படி சொல்லிவிட வேண்டும். கேதார்கந்தாவிலும் ஹம்ப்டா கணவாயிலும் சீசனில் கூடாரத்துக்குக் கூடாரம் கயிறு சிக்குகிறது. காலையில் சிகரத்தில் வரிசையில் நின்று படம் எடுக்க வேண்டியிருக்கிறது. இமயம் 2,400 கிலோமீட்டர் நீளம். அதில் இருபது முப்பது பாதைகளில் மட்டும் எல்லோரும் முண்டியடிப்பது மடத்தனம். முன்பு ராணுவத்திடம் மட்டுமே இருந்த வசதி இன்று கைப்பேசியில் இருக்கிறது. செயற்கைக்கோள் படத்தில் முகட்டின் தாழ்வான இடத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, ஜி.பி.எஸ். காட்டும் வழியில் நடந்தால் போதும். பெரிய சிகரங்களுக்கு லட்சக்கணக்கில் செலவு. சின்னச் சிகரங்களில் கையை ஊன்றி ஏறினால் அதே அனுபவம் மலிவாகக் கிடைக்கும். கூட்டம் பரவினால் பழைய பாதைகளுக்கு ஓய்வு, புதிய பள்ளத்தாக்குகளுக்கு வருமானம். இதுதான் வாதம். கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. ஒவ்வொரு கண்ணியாக இழுத்துப் பார்த்தால் ஒன்றும் தாங்கவில்லை.

1. யாருக்குத் தெரியாது? முதலில் இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும். மலைக்கு நடுவே போகும் வழிக்குத் திபெத்திய மொழியில் ‘லா’ என்று பெயர், கட்வாலியில் ‘கால்’, குமாவூனில் ‘துரா’, சம்பா பக்கத்தில் ‘ஜோத்’. ஒரு பொருளுக்குப் பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு சொல் இருக்கிறதென்றால் அந்தப் பொருளோடு புழங்கியவர்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக இருந்திருக்கிறார்கள். இமாச்சலத்தின் கத்தி இன இடையர்கள் (இது வெட்டுகிற கத்தி இல்லை, ஆடு மேய்க்கும் குடியின் பெயர்) கோடையில் ஆட்டு மந்தையோடு பர்மௌரிலிருந்து லாஹௌலுக்குப் போகிறார்கள், பனி விழுமுன் திரும்புகிறார்கள். அவர்கள் கடக்கும் குக்தி கணவாயின் உயரம் 5,040 மீட்டர். நம்மவர் அரும்பாடுபட்டு ஏறி ‘கண்டுபிடிக்கும்’ பெயரில்லாத முகட்டின் உச்சியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்: ஆள் உயரத்துக்கு ஒரு கற்குவியல், அதில் செருகிய துருப்பிடித்த சூலம், சாயம் போய்க் கந்தலான துணி, கல்லிடுக்கில் நாணயம், சுற்றிலும் காய்ந்த ஆட்டுப் புழுக்கை. சாமிக்குக் காசு போட்டுவிட்டுத்தான் மந்தையை அடுத்த பக்கம் இறக்கியிருக்கிறார்கள். அந்தப் புழுக்கையை மிதித்துக்கொண்டு நின்று ‘யாரும் காலடி வைக்காத இடம்’ என்று எழுத ஒரு தனித் துணிச்சல் வேண்டும்.

இந்தத் துணிச்சலுக்கு வயது இருநூறு இருக்கும். நந்தாதேவிக்கும் நந்தா கோட்டுக்கும் நடுவே, பிண்டாரி பனியாற்றின் தலைமாட்டில், 5,300 மீட்டருக்கு மேல் ஒரு கணவாய் இருக்கிறது. குமாவூனின் ஆங்கிலேய கமிஷனர் ஜார்ஜ் வில்லியம் ட்ரெய்ல் 1830-இல் அதைக் கடந்தார். வரைபடத்தில் இன்றுவரை அது ட்ரெய்ல் கணவாய். அவரை அழைத்துப் போனவர் சூபி கிராமத்து மலக் சிங் என்று அந்தப் பள்ளத்தாக்கு இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதற்கும் இருநூறு ஆண்டுகளுக்கு முன், 1624-இல், போர்த்துகீசியப் பாதிரியார் அந்தோனியோ டி அந்திராதே மாணா கணவாயைத் தாண்டித் திபெத்தின் சபராங்குக்குப் போனார். கணவாய்க்குப் பெயர் கொடுத்த மாணா கிராமத்தார் அந்த வழியே வியாபாரம் செய்துகொண்டுதான் இருந்தார்கள். மிலம் ஊர்க்காரர் நயின் சிங் ராவத் 1860-களில் திபெத்தை அளந்தபோது கையில் இருந்தது பிரார்த்தனை மாலை. வழக்கமான 108 மணிக்குப் பதில் 100 மணி. நூறு காலடிக்கு ஒரு மணி தள்ளி மைல் கணக்கெடுத்தார். கணவாய்களைக் கடக்க அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையிருக்கவில்லை. அவர் பிறந்த ஜோஹார் பள்ளத்தாக்கே திபெத் வியாபாரத்தில் வாழ்ந்தது. ஆகவே ‘அதிகம் அறியப்படாத கணவாய்’ என்ற சொற்றொடருக்குச் சரியான பொருள், ‘எழுதுகிறவருக்கு இதுவரை தெரியாத கணவாய்’ என்பதுதான்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. இடையனும் வியாபாரியும் போகாத முகடுகளும் உண்டு, ஏனென்றால் அங்கே போவதால் ஆட்டுக்குப் புல்லும் கிடைக்காது, மூட்டைக்கு விலையும் கிடைக்காது. ருதுகைரா, பிலங்கனா பள்ளத்தாக்குகளை இணைக்கும், சுமார் 5,490 மீட்டர் உயர ஆடன் முகடு அப்படிப்பட்டது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் இருந்த ஜான் ஆடன் 1930-களில் கண்டது. பனிப்பிளவும் பனிச்சுவரும் உள்ள அந்த இடத்துக்குக் கயிறும் பனிக்கோடரியும் கற்றவர்களும் வேண்டும். அது மலையேற்றம். அதை நடைபயணம் என்று விளம்பரப்படுத்துவது மோசடி. இன்னொன்று: ஊர்க்கதையை அப்படியே நம்பினாலும் சிக்கல்தான். பத்ரிநாத்திலும் கேதார்நாத்திலும் ஒரே பூசாரி ஒரே நாளில் பூஜை செய்தார் என்ற பழங்கதையின் தடத்தைப் பிடித்துத் தேர்ந்த மலையேறிகளான எரிக் ஷிப்டனும் பில் டில்மனும் 1934-இல் குறுக்கே இறங்கினார்கள். பூசாரி போன வழி கிடைக்கவில்லை. அடர்ந்த காட்டில் சிக்கி, சாப்பாடு தீர்ந்து, மூங்கில் குருத்தைத் தின்று கரையேறினார்கள். அவர்களோடு இருந்தவர்கள் அங் தார்கே போன்ற ஷெர்ப்பாக்கள். அப்படிப்பட்டவர்களுக்கே அந்த நிலை. பத்து நாள் விடுப்பில் வருகிறவர் அவர்களை முன்மாதிரி காட்டுவது எப்படிப் பொருந்தும்?

2. படத்தில் தெரிவதெல்லாம் பாதையா? முழு வாதமும் இந்த ஒற்றைத் தூணில் நிற்கிறது. இலவசமாகக் கிடைக்கும் உயரத் தரவுகளில் பெரும்பாலானவை நிலத்தை 30 மீட்டர் சதுரங்களாக வெட்டி ஒவ்வொன்றுக்கும் ஒரே உயரம் கொடுப்பவை. பத்து மாடிக் கட்டடம் அளவு செங்குத்துப் பாறை இரண்டு சதுரங்களுக்கு நடுவே மறைந்து, திரையில் மெதுவான சரிவாகத் தெரியும். முகட்டில் காற்று சேர்த்து வைத்த பனி விளிம்பு மறுபக்கம் வெறுமையில் தொங்கிக்கொண்டிருப்பது மேலிருந்து எடுத்த படத்தில் தெரியாது. படம் எடுத்த நாள் எது என்பதே பலருக்குத் தோன்றுவதில்லை. செப்டம்பரில் எடுத்த படத்தில் கல்லாகத் தெரியும் சரிவு மே மாதத்தில் பனிச்சரிவுக்குக் காத்திருக்கும் சரிவு. பழைய குறிப்பும் கைகொடுக்காது: கங்கோத்ரி பனியாறு ஆண்டுக்குச் சுமார் இருபது மீட்டர் பின்வாங்கியதாக நீண்டகால அளவுகள் சொல்கின்றன. அதுபோல எத்தனையோ பனியாறுகள் சுருங்க, அப்பா காலத்தில் பனிமேல் நடந்து ஏறிய இடம் இன்று தளர்ந்த கல் உருளும் மதிலாக நிற்கிறது.

இதைக் கடல்காரர்களிடம் விளக்கத் தேவையில்லை. கடலடியில் பார் என்னும் பாறைத்திட்டு எங்கே இருக்கிறது, அங்கே எந்த மீன் சேரும் என்பது ஒரு காலத்தில் தலைமுறைச் சொத்து. கரையில் தெரியும் கோபுரத்தையும் பனைக்கூட்டத்தையும் ஒன்றோடொன்று நேர்பிடித்து இடத்தைக் கண்டார்கள். இன்று அந்த இடம் ஜி.பி.எஸ். பெட்டியில் இரண்டு எண். பெட்டி கைமாறினால் இடமும் கைமாறும். ஆனால் எந்த நீரோட்டத்தில் அங்கே வலை இறக்கினால் பாரில் சிக்கிக் கிழியும், வாடைக் காற்று எந்த அளவுக்கு மேல் போனால் படகைத் திருப்ப வேண்டும் என்பது பெட்டியோடு போகாது. கணவாயும் அப்படித்தான். ஜூன் மூன்றாம் வாரத்தில் திறக்கும், காலை பத்து மணிக்குள் உச்சியைத் தாண்டிவிட வேண்டும், இடப்புறச் சரிவில் கல் விழும் என்பதெல்லாம் சேர்ந்ததுதான் கணவாய். இரண்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறவர் கணவாயின் தோலைத்தான் எடுத்துப் போகிறார். வழி தவறினால் செயற்கைக்கோள் தொலைபேசி இருக்கிறதே என்பார்கள். தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் அதை இந்தியாவில் வைத்திருப்பது குற்றம். வெளிநாட்டுப் பயணிகளே பிடிபட்டிருக்கிறார்கள். எல்லையோரப் பள்ளத்தாக்குகளில் உள்கோட்டு அனுமதி தனி. யாருக்கும் தெரியாத வழி என்றால் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படைக்கும் தெரியாது என்று நினைத்துக்கொள்கிறார்களோ என்னவோ.

3. ‘கயிறு தேவையில்லை’ என்று சான்றளித்தவர் யார்? தொத்தி ஏறும் சிகரங்களைப் பற்றிய குறிப்புகளில் அடிக்கடி வரும் வாசகம் இது. அந்தச் சான்றை ஒரு நிமிடம் சோதித்துப் பார்ப்போம். ஆயிரம் பேர் ஏறிய பாறைக்கு ஒரு தரம் குறித்தால் அது ஆயிரம் பேரின் சராசரி. இரண்டு பேர் ஏறிய சிகரத்துக்குக் குறித்தால் அது அந்த இருவரின் அன்றைய அதிர்ஷ்டம். பாறை காய்ந்திருந்ததா, காலைக் குளிரில் கல்லின்மேல் கண்ணுக்குத் தெரியாத பனிப்பூச்சு இருந்ததா, இதெல்லாம் குறிப்பில் இருக்காது. அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு: எழுதுகிறவர் எல்லோரும் திரும்பி வந்தவர்கள். வராதவர் குறிப்பு எழுதுவதில்லை. ஆகவே தேடிப் படித்தால் கிடைக்கும் தரவு முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்ந்ததாகவே இருக்கும். ஏறும்போது கை நீட்டிப் பிடிக்கக் கண்ணுக்கு நேரே பிடி தெரிகிறது. இறங்கும்போது கால் எங்கே வைப்பது என்பது வயிற்றுக்குக் கீழே, பார்க்க முடியாத இடத்தில் இருக்கிறது. தொத்தி ஏறிய இடத்தில் பலரும் மாட்டிக்கொள்வது இறக்கத்தில்தான். திருவண்ணாமலை மாவட்டத்துப் பர்வதமலையில் இதை உணர்ந்துதான் பாறையில் கடப்பாரையை அடித்துச் சங்கிலி கோத்திருக்கிறார்கள். அங்கே ஏறுகிற பக்தர்கள் யாரும் தங்களை மலையேற்ற வீரர் என்று சொல்லிக்கொள்வதில்லை. ஆனால் 5,500 மீட்டரில், சங்கிலி இல்லாத, அதைவிடத் தளர்ந்த பாறையில், உயர நோய்க்கு மாத்திரை போட்டுக்கொண்டு ஏறுவது சுலபம் என்று நாம் நம்புகிறோம்.

‘ட்ரெக்கிங் பீக்’ என்ற பெயரும் இந்தக் குழப்பத்துக்கு எண்ணெய் ஊற்றுகிறது. நேபாளத்தில் அது நிர்வாகப் பட்டியலின் பெயர்: அரசின் பெரிய பயண அனுமதி இல்லாமல், நேபாள மலையேற்றச் சங்கத்திடம் கட்டணம் கட்டி ஏறலாம் என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. அதே பட்டியலில் மேரா போல நடந்தே பெரும்பகுதி போகக்கூடிய மலையும் இருக்கிறது, தேர்ந்த வீரர்களே தயங்கும் குசும் கங்குருவும் இருக்கிறது. ரேஷன் அட்டையின் நிறத்தைப் பார்த்து ஆளின் உடல்நலத்தைச் சொல்வது போன்றது, அந்தப் பெயரைப் பார்த்து மலையின் கடினத்தை ஊகிப்பது.

4. தெரிந்த பாதையிலும்தானே சாகிறார்கள்? இந்தக் கட்டுரைக்கு எதிராக வைக்கக்கூடியதில் வலுவான வாதம் இது. இதற்கான பதில் நம் கடலிலிருந்தே தொடங்குகிறது. 2014 அக்டோபரில் அந்தமான் பக்கம் உருவான ஹூட்ஹூட் புயல் 12-ஆம் தேதி விசாகப்பட்டினத்தில் கரையேறியது. கடற்கரையில் அது அன்றே முடிந்த கதை. ஆனால் புயல் கரையேறினால் செத்துப்போவதில்லை. ஈரத்தைச் சுமந்துகொண்டு வடக்கே போகிறது. இரண்டு நாள் கழித்து, 14-ஆம் தேதி, நேபாளத்தின் அன்னபூர்ணா வட்டத்தில் 5,416 மீட்டர் உயரத் தோரங் லா கணவாயில் அது பனிப்புயலாகக் கொட்டியது. அந்தப் பகுதியில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உலகத்திலேயே அதிகம் பேர் கடக்கும் உயரக் கணவாய்களில் ஒன்று அது. மாதமோ சீசனின் உச்சம். ‘பார்த்தீர்களா, தெரிந்த பாதையும் கொல்கிறது’ என்று சொல்லலாம். சரி, அதே நாளில் நூற்றுக்கணக்கானோர் உயிரோடு மீட்கப்பட்டது எப்படி? வழியில் விடுதிகள் இருந்தன. யார் எந்த ஊரில் இரவு தங்கினார், மறுநாள் வந்து சேரவில்லை என்பதைச் சொல்ல ஆள் இருந்தது. ஹெலிகாப்டருக்கு எங்கே தேட வேண்டும் என்று தெரிந்தது. அதே புயல் பெயரில்லாத முகட்டில் ஆறு பேரைப் பிடித்திருந்தால் அவர்கள் காணாமல் போனதே பத்து நாள் கழித்து, திரும்ப வேண்டிய ரயிலில் வராதபோதுதான் வீட்டுக்குத் தெரியும்.

இது கற்பனை இல்லை. 2021 அக்டோபர் நடுவில் உத்தராகண்டில் கொட்டிய மழையும் பனியும் ஹர்சிலிலிருந்து 5,282 மீட்டர் உயர லம்காகா கணவாய் வழியாகச் சித்குலுக்குப் போன குழுவைப் பிடித்தது. குழுவில் பெரும்பாலோர் திரும்பவில்லை. அதே நாட்களில் சுந்தர்துங்கா பக்கம் மேற்கு வங்கத்தைச் சேர்ந்த 5 பேர் இறந்தார்கள். 2024 ஜூனில் சஹஸ்ர தால் ஏரிக்குப் போன கர்நாடகக் குழுவில் 9 பேர். மூன்றுமே ‘கூட்டம் இல்லாத வழி’ என்று விரும்பித் தேர்ந்தெடுக்கப்படுகிறவை. காரைக்கால் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றும்போது ஒன்றிலிருந்து பதினொன்று வரை எண் உண்டு. 1 என்றால் எங்கோ தூரத்தில் காற்றழுத்தத் தாழ்வு. 3 என்றால் துறைமுகத்துக்கே எச்சரிக்கை. கடைசி எண்ணான 11, வானிலை எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துபோனது என்பதற்கு. பெயர் தெரியாத கணவாயில் இருப்பவருக்குக் கிளம்பிய நாளிலிருந்தே 11-ஆம் எண் கூண்டுதான் ஏறியிருக்கிறது.

உடம்புக்கும் இதே கணக்கு. 5,500 மீட்டரில் காற்றழுத்தம் நம் கடற்கரையில் இருப்பதில் பாதி. 3,000 மீட்டருக்கு மேல் படுக்கும் இடத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதே, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வெடு என்பது மருத்துவர்கள் சொல்லும் பொது விதி. நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்தால் முதல் மருந்து கீழே இறங்குவது. ஏறிய வழியே திரும்பும் பாதையில் இது நடக்கும். கணவாயைத் தாண்டி அடுத்த பள்ளத்தாக்கில் இறங்கிவிட்டவருக்குப் பின்னால் உயரம், முன்னால் சாலைக்கு நான்கு நாள் நடை. எந்தப் பக்கம் இறங்குவது? கண்டுபிடித்த வழி என்றால் முன்னால் இருப்பது நான்கு நாளா ஆறு நாளா என்பதுகூடத் தெரியாது.

5. கூட்டத்தைப் பரப்பினால் சுமை குறையுமா? தண்ணீரைப் பரப்பினால் ஆழம் குறையும். மனிதக் கூட்டம் தண்ணீர் இல்லை. லடாக்கின் ஸ்டோக் காங்ரி, 6,153 மீட்டர், கயிறு அதிகம் தேவைப்படாத சிகரம் என்று பெயர் வாங்கியது. அந்தப் பெயரே அதற்கு எமனாயிற்று. ஸ்டோக் கிராமத்தார் குடிக்கும் தண்ணீர் வரும் பனியாற்றின் ஓரத்தில் கூடாரங்களும் கழிவும் பெருகின. 2020-இல் ஏற்றத்தை மூடினார்கள். கூட்டம் வீட்டுக்குப் போய்விட்டதா? மார்கா பள்ளத்தாக்கின் காங் யாட்சே இரண்டாம் சிகரத்துக்குப் போனது. 2018 ஆகஸ்டில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் உயர்நிலைப் புல்வெளிகளில் இரவு தங்கத் தடை விதித்ததும் ரூப்குண்ட் பயணம் நின்றது; அதே லோஹாஜங் ஊரிலிருந்து கிளம்பும் பிரம்மதாலுக்கு வண்டிகள் திரும்பின. ஒவ்வொரு ‘தெரியாத இடமும்’ ஐந்து ஆறு ஆண்டில் தெரிந்த இடமாகி, பாழாகி, மூடப்பட்டு, அடுத்ததைத் தேடச் சொல்கிறது. இப்படிப் பரப்பினால் சுமை எங்கே குறைகிறது?

இதில் யாரும் கவனிக்காத ஒரு சின்ன நில உண்மை இருக்கிறது. உயரக் கணவாய்க்கு அடியில் சமதளமும் தண்ணீரும் சேர்ந்தாற்போல் இருக்கும் இடம் அநேகமாக ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அங்கே தாழ்வான கல் வளையம் ஒன்று இருக்கும், அதுதான் இடையர்களின் கிடை. மந்தை மேலே ஏறுமுன் ஒரு இரவு தங்கும் இடம் அதுவே. பன்னிரண்டு கூடாரம் அங்கே விழுந்தால் முந்நூறு ஆட்டுக்கு அன்றிரவு இடமில்லை. கண்டுபிடித்தவருக்கு அது முகாம் போட வாகான புல்தரை. கிடைக்காரருக்கு அது நூறாண்டுத் தங்கல்.

6. ஊருக்கு வருமானம் என்பார்கள். கொஞ்சம் வரத்தான் செய்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ‘தானே கண்டுபிடிக்கிற’ பயணி யாருக்குக் கூலி கொடுக்கிறார்? வழிகாட்டி வேண்டாம் என்பதுதானே அந்தப் பெருமையின் அடிப்படை. அரிசியும் நூடுல்சும் டேராடூனிலேயே வாங்கியாயிற்று. கடைசியில் விலை கொடுப்பது யார் என்பதற்கு நந்தாதேவியே சாட்சி. 1934-இல் ஷிப்டனும் டில்மனும் ரிஷி கங்கைப் பள்ளத்தைத் தாண்டி நந்தாதேவியைச் சூழ்ந்த மலைக்கோட்டைக்குள் நுழைந்தார்கள். 1974-இல் வெளிநாட்டுக் குழுக்களுக்குத் திறந்துவிட்டார்கள். குப்பையும் வெட்டப்பட்ட ஜூனிப்பர் புதர்களும் பெருக, 1980-களின் தொடக்கத்தில் தேசியப் பூங்காவாக்கி மூடினார்கள். மூடியபோது வந்துபோனவர்கள் வேறு மலைக்குப் போய்விட்டார்கள். லாதா, ரேணி கிராமத்தார் மட்டும் தங்கள் மேய்ச்சல் நிலத்தை இழந்தார்கள். உள்ளே குப்பை போட்டது அவர்கள் இல்லை.

பாதைகளை மக்கள் மறந்து வருகிறார்களே, நடைபயணிகள் போனால்தானே அவை உயிரோடு இருக்கும் என்று ஒரு பரிதாபமான வாதமும் உண்டு. 1962-க்குப் பிறகு திபெத் வியாபாரம் நின்றதும் மிலம் போன்ற ஊர்கள் காலியானது உண்மைதான். அங்கே வழி மறந்துபோனதால் யாரும் போகாமல் இல்லை, எல்லை அடைபட்டதால். கணவாய்க்கு உயிர் கொடுப்பது அதன் வழியே போகும் சரக்கும் மந்தையும். இரண்டுமே இல்லாத வழியில் ஆறு பேர் படம் எடுத்துவிட்டு வந்தால் அது உயிர் பெற்றதாகாது.

அப்படியானால் ஹம்ப்டாவில் வரிசையில் நிற்பதா, வீட்டில் கிடப்பதா என்ற கேள்வி வரும். இரண்டும் வேண்டாம். தமிழ்நாட்டிலேயே குரங்கணி தீயில் 2018 மார்ச்சில் இருபதுக்கும் மேற்பட்டவர்களை இழந்த பிறகு, மலைநடைக்கு விதிமுறை வந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளைத் திறந்து, அந்தந்த மலையின் பழங்குடி இளைஞர்களை வழிகாட்டிகளாகச் சேர்த்து, காட்டுத்தீக் காலத்தில் மூடவும் செய்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. முணுமுணுத்தாலும் மீனவர் அதற்கு உட்படுகிறார். கடலுக்கும் காட்டுக்கும் காலமும் காவலும் உண்டென்று ஏற்றுக்கொண்டவர்களுக்கு இமயத்தில் மட்டும் அது ஏன் கசக்கிறது? கூட்டம் இல்லாத கணவாய்தான் வேண்டுமென்றால் படத்தில் தேடுவதை நிறுத்திவிட்டு, பர்மௌரிலோ முன்சியாரியிலோ போய் நான்கு நாள் தங்கலாம். உடம்பு உயரத்துக்குப் பழகுவதற்கும் அந்த நான்கு நாள் வேண்டும். அந்த வழியில் ஆடு ஓட்டுகிறவர் ஒருவருக்கு நியாயமான கூலி பேசலாம். அவரிடம் கேட்க வேண்டியது மூன்று: இந்த ஆண்டு மந்தை ஏறிவிட்டதா, கிடையில் இடம் இருக்கிறதா, மறுபக்கம் இறங்கினால் முதல் ஆள் நடமாட்டம் எத்தனை நாளில். மந்தை இன்னும் ஏறவில்லை என்று அவர் சொன்னால் டிக்கெட்டை மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.